ஆபீஸர் வீட்டில் இருந்தால் நம்ம மனு எங்கே இருக்கும்?



போன மாதம் நமது கூட்டமைப்புக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்து, தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு ஒரு அக்கா எழுந்தார்கள். அவர்கள் மகள் குரூப் 4 பரீட்சை எழுதி பாஸ் பண்ணி, வேறு மாவட்டத்தில் இளநிலை உதவியாளராக வேலை பார்க்கிறாள். இப்போது ஏழு மாதம். "ஐ.டி. கம்பெனிப் பிள்ளைங்க எல்லாம் வீட்ல உக்காந்து வேலை பாக்குதுக. கவர்மெண்டு வேலைக்கு மட்டும் அப்படிக் குடுக்க மாட்டாங்களா மேடம்?" என்று கேட்டார்கள்.

நான் பதில் சொல்வதற்குள் பின்வரிசையில் இருந்து இன்னொரு அக்கா, "நல்லாக் கேட்ட போ! ஆபீஸ்ல இருக்கும்போதே ஆளப் பிடிக்க முடியல. வீட்டுக்கும் போயிட்டா நம்ம மனுவ யாரு பாக்குறது?" என்றார்கள். கூட்டமே சிரித்துவிட்டது.

சிரித்தாலும் இரண்டு கேள்வியும் நியாயமான கேள்விதான். ஒன்று தாயாக இருந்து கேட்ட கேள்வி. இன்னொன்று மனு கொடுக்கிறவராக இருந்து கேட்ட கேள்வி. நம்மில் பல பேர் இந்த இரண்டு இடத்திலும் இருக்கிறோம். அன்றைக்கு நேரம் இல்லாததால் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டேன். அதை இங்கே விவரமாக எழுதுகிறேன்.

இந்த யோசனை எங்கே இருந்து வந்தது?

கொரோனா வந்த பிறகுதான் 'வீட்டிலிருந்து வேலை' என்று கேள்விப்பட்டோம். ஆனால் யோசனை பழையது. 1973ல் அமெரிக்காவில் ஜாக் நில்ஸ் என்பவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் வாகன நெரிசலைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். தினமும் ஆளை வேலை இருக்கும் இடத்துக்குக் கொண்டு போகிறோமே, வேலையை ஆள் இருக்கும் இடத்துக்குக் கொண்டு வந்தால் என்ன? அந்த வருடம்தான் உலகம் முழுக்க பெட்ரோல் தட்டுப்பாடும் வந்தது. அவர் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் சோதனை செய்து பார்த்தார். ஆனால் ஊழியர்களை வீட்டில் உட்கார வைக்கவில்லை. அவரவர் வீட்டுக்குப் பக்கத்தில் சின்ன ஆபீஸ் வைத்து, அங்கே வந்து வேலை பார்க்கச் சொன்னார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருகிறேன்.

பிறகு அமெரிக்க அரசாங்கமே தன் ஊழியர்களுக்காக 2010ல் ஒரு சட்டம் போட்டது. ஒவ்வொரு துறையும் எந்தெந்த வேலையை வெளியில் இருந்து செய்யலாம் என்று முடிவு செய்ய வேண்டும். ஊழியரும் மேலதிகாரியும் எழுத்து மூலமாக ஒப்பந்தம் போட வேண்டும். இரண்டு பேருக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும். வீட்டில் இருந்து வேலை பார்க்கிறார் என்பதற்காக ஒருவரை வேறு மாதிரி நடத்தக் கூடாது. இந்த மாதிரி விதிகள். 2025 ஜனவரியில் புதிய அதிபர் பதவி ஏற்ற அன்றே, எல்லோரும் ஆபீஸுக்குத் திரும்ப வேண்டும் என்று உத்தரவு போட்டார். சட்டம் அப்படியே இருக்கிறது, ஊழியர்கள் ஆபீஸுக்குப் போகிறார்கள். வீட்டில் இருந்து வேலை என்பது நிலையான உரிமை இல்லை, மேலே இருப்பவர் மாறினால் அதுவும் மாறும் என்று இதில் தெரிகிறது.

நம்ம நாட்டில் நடந்தது

2020 மார்ச் 19ந் தேதி மத்திய அரசின் பணியாளர் மற்றும் பயிற்சித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. நடுத்தர, கீழ்நிலை ஊழியர்களில் பாதிப் பேர் ஆபீஸுக்கு வர வேண்டும், மீதிப் பேர் வீட்டில் இருந்து வேலை பார்க்க வேண்டும், ஆனால் எந்த நேரமும் போனில் கிடைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அடுத்த வாரமே நாடு முழுக்க ஊரடங்கு.

தமிழ்நாட்டில் 2020 மே 18ல் இருந்து பாதி ஊழியர்களுடன் ஆபீஸ்கள் நடந்தன. வாரத்துக்கு ஆறு நாள் ஆபீஸ். முதல் குழு திங்கள், செவ்வாய். இரண்டாவது குழு புதன், வியாழன். வெள்ளி, சனி மறுபடி முதல் குழு. அடுத்த வாரம் மாற்றி. நம்ம வீட்டில் வாய்க்கால் தண்ணிக்கு முறை வைக்கிற மாதிரிதான்.

அதே மே மாதம் மத்திய அரசு ஒரு வரைவுத் திட்டத்தையும் எல்லாத் துறைக்கும் அனுப்பிக் கருத்துக் கேட்டது. கொரோனா போன பிறகும் வருடத்துக்கு 15 நாள் வீட்டில் இருந்து வேலை பார்க்க அனுமதிக்கலாமா என்பது விஷயம். அப்போது மத்திய அரசில் சுமார் 48 லட்சம் ஊழியர்கள். அந்த வரைவில் இருந்த சில விஷயங்கள் நமக்கும் உதவும். வேலைக்கு வேண்டிய லேப்டாப்பை ஆபீஸ்தான் கொடுக்க வேண்டும். இன்டர்நெட் செலவைத் திருப்பிக் கொடுப்பது பற்றி யோசிக்கலாம். ரகசியக் கோப்புகளை வீட்டில் இருந்து பார்க்கக் கூடாது. முக்கியமான மனுக்கள் வந்தால் ஊழியருக்கும் அவர் மேலதிகாரிக்கும் மெசேஜ் போக வேண்டும்.

2022 ஜனவரியில் மூன்றாவது அலை வந்தபோது கர்ப்பிணிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஆபீஸுக்கு வருவதில் இருந்து விலக்குக் கொடுத்தார்கள். பிப்ரவரி 7ந் தேதியில் இருந்து மத்திய அரசு ஊழியர் எல்லோரும் முழுசாக ஆபீஸுக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவ்வப்போது அவசரத்துக்கு மட்டும் வருகிறது. 2024 நவம்பரில் டெல்லியில் காற்று கெட்டுப் போய் மூச்சு விட முடியாத நிலை வந்தபோது, டெல்லி அரசு தன் ஊழியர்களில் பாதிப் பேரை வீட்டில் இருந்து வேலை பார்க்கச் சொன்னது.

பக்கத்து இலங்கையில் நடந்ததைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். 2022ல் அங்கே டாலர் இல்லை, டீசல் இல்லை, பஸ் ஓடவில்லை. ஜூன் மாதம் அரசு ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து, வீட்டுத் தோட்டத்தில் காய்கறி பயிர் செய்யுங்கள் என்றார்கள். அதே மாதம் 20ந் தேதியில் இருந்து இரண்டு வாரத்துக்கு, அவசியமானவர்கள் தவிர மற்ற அரசு ஊழியர்கள் வீட்டில் இருந்தே வேலை பார்க்க வேண்டும் என்று உத்தரவு. ஆஸ்பத்திரி ஊழியர்கள் மட்டும் எப்போதும் போல வேலைக்குப் போனார்கள். பெட்ரோல் இல்லாத ஊரில் அவர்கள் எப்படிப் போனார்களோ, அது தனிக் கதை.

மனு எங்கே இருக்கும் என்பதுதான் கேள்வி

இனி பின்வரிசை அக்காவுக்கு வருகிறேன்.

2021ல் நான் ஒரு விதவை உதவித்தொகை மனுவுக்காக அலைந்தேன். எந்த ஆபீஸ் என்று சொல்ல வேண்டாம். அந்த அம்மாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, கால் வலி. பஸ் ஏறி இறங்கவே ஒரு ஆள் வேண்டும். மூன்று தடவை போனோம். மூன்று தடவையும் ஒரே பதில்: "அந்த சார் இன்னைக்கு வீட்டு முறை. ஃபைல் அவர் பீரோவுல இருக்கு. சாவி அவர்கிட்ட இருக்கு." போன் அடித்தால் எடுக்கவில்லை. நான்காவது தடவை அவர் இருந்தார். பீரோவைத் திறந்தால் மனு மேலேயே இருக்கிறது. ஐந்து நிமிஷ வேலை! அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அவர் வீட்டில் அப்போது இரண்டு பேருக்குக் காய்ச்சல்.

வீட்டில் இருந்து வேலை பார்த்ததை நான் தப்பு என்று சொல்லவில்லை. ஆள் வீட்டுக்குப் போய்விட்டார், ஃபைல் பீரோவிலேயே நின்றுவிட்டது, அதுதான் தப்பு.

இதை நம்ம குழுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில குழுக்களில் ஊக்குநர் பேரேட்டையும் ரொக்கப் புத்தகத்தையும் தன் வீட்டுக்குக் கொண்டு போய்விடுவார். அவர் ஊருக்குப் போனால் அந்த வாரம் கடன் பாக்கி எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. சில குழுக்களில் ஒவ்வொருவர் கையிலும் பாஸ்புத்தகம் இருக்கும், கூட்டத்திலேயே எல்லோர் முன்னாலும் வரவு வைப்பார்கள். அங்கே ஊக்குநர் இல்லாவிட்டாலும் கணக்கு நிற்காது. ஆபீஸும் அப்படித்தான்.

இதற்காகத்தான் மத்திய அரசின் தேசிய தகவலியல் மையம் 'இ-ஆபீஸ்' என்ற கம்ப்யூட்டர் ஏற்பாட்டைச் செய்தது. மனு வந்ததும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். அதற்கு ஒரு நம்பர் விழும். கிளார்க் குறிப்பு எழுதி கண்காணிப்பாளருக்கு அனுப்புவார், அவர் அதிகாரிக்கு அனுப்புவார். யார் மேஜையில் எந்தத் தேதியில் இருந்து எத்தனை நாளாக நிற்கிறது என்று மேலே இருப்பவர் உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம். பீரோ இல்லை, சாவி இல்லை. அதிகாரி ஆபீஸில் இருக்கிறாரா வீட்டில் இருக்கிறாரா என்பது ஃபைலுக்குத் தெரியாது. தமிழ்நாட்டிலும் தலைமைச் செயலகத்தில் இருந்து கலெக்டர் ஆபீஸ்கள் வரைக்கும் இது வந்திருக்கிறது.

கம்ப்யூட்டரில் இருந்தால் யார் வேண்டுமானாலும் திறந்துவிட மாட்டார்களா என்று கேட்கலாம். ஆரம்ப காலத்தில் நம்ம குழுவில் சேமிப்புப் பெட்டி வைத்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? பெட்டி ஒருவர் வீட்டில், சாவி இன்னொருவர் வீட்டில். இதுவும் அதே யோசனைதான். ஊழியருக்குத் தனிப் பாஸ்வேர்டு. அது போதாது, அவர் போனுக்கு ஒரு நம்பர் வரும். சில வேலைக்குக் கையெழுத்துப் போட பென்டிரைவ் மாதிரி ஒரு பொருள் உண்டு, அதைச் செருகினால்தான் டிஜிட்டல் கையெழுத்து விழும். வீட்டு இன்டர்நெட்டில் இருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போக 'வி.பி.என்.' என்று ஒரு தனிப் பாதையும் வைத்திருக்கிறார்கள். ரோட்டில் எத்தனை வண்டி போனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே தெரியாத மூடின வேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரியாமலே இது உங்கள் கைக்கு வந்துவிட்டது. முன்பு வருமானச் சான்றிதழ் வேண்டும் என்றால் முதலில் வி.ஏ.ஓ.வைத் தேடிப் போக வேண்டும், பிறகு ஆர்.ஐ., பிறகு பஸ் பிடித்து ஆண்டிபட்டி தாலுகா ஆபீஸ். ஒரு நாள் கூலி போகும். சில சமயம் மூன்று நாள் கூலியும் போகும். இப்போது இ-சேவை மையத்தில் பதிவு செய்தால் மனு கம்ப்யூட்டர் வழியாக வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் ஆபீஸ் என்று போய், டிஜிட்டல் கையெழுத்தோடு திரும்பி வருகிறது. தாசில்தார் அதை எந்த ஊரில் இருந்து அப்ரூவல் செய்தார் என்று நமக்குக் கவலை இல்லை. நாமும் தெரியாமலே வீட்டில் இருந்து வேலை முடிக்கிறோம் என்று சொல்லலாம்!

ஆனால் ஒரு விஷயம். நம்மில் பல பேர் இ-சேவை ரசீதை வாங்கிச் சுருக்குப் பையில் போட்டு, அது நனைந்து கிழிந்து போகிறது. அந்த ரசீதில் இருக்கும் விண்ணப்ப எண்தான் உங்கள் மனுவின் முகவரி. அதை வைத்துத்தான் மனு யாரிடம் நிற்கிறது என்று பார்க்க முடியும். எண் இல்லாவிட்டால் மறுபடி பழைய கதைதான், 'அந்த சார் எங்கே?' என்று கேட்டு நிற்க வேண்டும்.

எந்த வேலை வீட்டுக்குப் போகும், எது போகாது?

ஒரு துறை இந்த ஏற்பாட்டைச் செய்ய நினைத்தால் முதலில் வேலைகளைப் பிரிக்க வேண்டும். கணக்கு எழுதுவது, சம்பளப் பில் போடுவது, கோப்பில் குறிப்பு எழுதுவது, புள்ளிவிவரம் சேர்ப்பது, மீட்டிங் நடத்துவது எல்லாம் வெளியில் இருந்து செய்யலாம். மனு வாங்குவது, நிலம் அளப்பது, ஊசி போடுவது, சத்துணவு சமைப்பது முடியாது. 2020ல் கிராம சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் தூய்மைக் காவலர்களும் ஒரு நாளாவது வீட்டில் இருந்து வேலை பார்த்தார்களா? வீடு வீடாகப் போய் யாருக்குக் காய்ச்சல் என்று எழுதியது அவர்கள்தானே. சம்பளம் குறைவாக வாங்குகிறவர்கள், அதிலும் பெண்கள், தெருவில் நின்றார்கள். வீட்டில் இருந்து வேலை என்றாலே முதலில் பலன் பெறுவது மேஜை வேலை பார்க்கிறவர்கள்தான். இதை நான் மறைக்க விரும்பவில்லை.

பிறகு நேரம். எத்தனை மணியில் இருந்து எத்தனை மணி வரைக்கும் போன் எடுக்க வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும். ஆள் நாற்காலியில் இருந்தாரா என்று பார்க்காமல் எத்தனை கோப்பு முடித்தார் என்று பார்க்க வேண்டும். நம்ம அதிகாரிகளுக்குப் பழக்கம் இல்லாதது இந்த இரண்டாவது விஷயம்தான் என்பது என் கருத்து. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தால் வேலை நடந்ததாக நினைத்துப் பழகிவிட்டோம். எங்கள் நிறுவனத்திலும் அப்படித்தான், சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டு நிலைமையும் இருக்கிறது. ஊரடங்கு சமயத்தில் நானும் ஆறு மாதம் வீட்டில் இருந்து வேலை பார்த்தேன். குழுக்களுக்குப் போன் போட்டுச் சேமிப்பு விவரம் கேட்டு எழுத வேண்டும். சிக்னல் மொட்டை மாடியில்தான் கிடைக்கும். கையில் நோட்டு, இடுப்பில் பிள்ளை, கீழே இருந்து மாமியார், "வீட்லதானே இருக்க, அந்த உலையப் பாத்துக்க" என்பார்கள். என் வீட்டுக்காரரும் வீட்டில் இருந்துதான் வேலை பார்த்தார். அவரை யாரும் உலையைப் பார்க்கச் சொல்லவில்லை! ஆபீஸ் என்பது வேலை செய்கிற இடம் மட்டும் இல்லை, 'இந்த நேரம் என்னைக் கூப்பிடாதீங்க' என்று சொல்ல ஒரு இடம் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

முன்வரிசை அக்காவுக்குப் பதில்

தமிழ்நாடு அரசு நிரந்தரப் பெண் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2016ல் 9 மாதமாகவும், 2021 ஜூலை 1ல் இருந்து 12 மாதமாகவும் ஆனது. சம்பளத்தோடு. அதனால் உங்கள் மகளுக்கு முதலில் வேண்டியது இந்த விடுப்பை முறையாக எழுதிக் கொடுப்பது. கர்ப்பமாக இருக்கும்போதே எத்தனை நாள், பிறந்த பிறகு எத்தனை நாள் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். அதை அவள் ஆபீஸ் கண்காணிப்பாளரிடம் இப்போதே பேசட்டும்.

கம்பெனி, கடை போன்ற இடங்களில் வேலை பார்க்கும் பெண்களுக்கு 2017ல் மகப்பேறு உதவிச் சட்டத்தைத் திருத்தினார்கள். வேலை அதற்குத் தகுந்ததாக இருந்தால், விடுப்பு முடிந்த பிறகும் வீட்டில் இருந்து வேலை பார்க்க முதலாளி அனுமதிக்கலாம் என்று சேர்த்தார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. 'அனுமதிக்கலாம்' என்றுதான் இருக்கிறது, 'அனுமதிக்க வேண்டும்' என்று இல்லை. இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில் எத்தனை பெண்கள் வேலையை விட்டிருப்பார்கள்!

தமிழ்நாட்டில் அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு 1989ல் வந்தது. அதை 40 ஆக உயர்த்துவதாக 2021ல் அறிவித்தார்கள். நம்ம பிள்ளைகள் இன்னும் நிறையப் பேர் ஆபீஸுக்குள் போகப் போகிறார்கள். எங்கேயோ போஸ்டிங் கிடைக்கும். அப்போது இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும்.

நமக்கு எது பொருந்தும்?

அரசரடி, பொம்முராஜபுரம் பக்கம் கூட்டத்துக்கு நான் போன நாட்களில் போன் வெறும் டார்ச் லைட்டாகத்தான் பயன்பட்டது. கரண்டும் நம்ப முடியாது. அந்த வீடுகளில் இருந்து ஆபீஸ் வேலை செய் என்று யாரையும் சொல்ல முடியாது. எனக்குப் பிடித்தது ஜாக் நில்ஸ் முதலில் செய்து பார்த்த முறைதான், வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆபீஸ். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கேபிள் இழுக்கும் வேலை பாரத்நெட் திட்டத்தில் எடுக்கப்பட்டது. பல ஊராட்சிகளில் சேவை மையக் கட்டிடமும் இருக்கிறது. சில இடத்தில் பூட்டிக் கிடக்கிறது, சில இடத்தில் உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். அங்கே இரண்டு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு கழிப்பறை இருந்தால் வாரத்தில் இரண்டு நாள் ஒன்றிய ஆபீஸ் ஊழியர் அங்கே இருந்து வேலை பார்க்கலாம். அவருக்குப் பஸ் மிச்சம், நமக்கும் மிச்சம். மனு வாங்கவும் ஆள் கிடைப்பார்.

கேரளாவில் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள் பல வருடமாக அரசு ஆபீஸ்களின் டேட்டா என்ட்ரி வேலையை எடுத்துச் செய்கிறார்கள். நம்ம கூட்டமைப்பிலும் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த மாதிரி வேலை நமக்கும் வருமா என்று மகளிர் திட்ட ஆபீஸில் கேட்கலாம்.

இதைச் சொல்லும்போதே ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 'வீட்டில் இருந்தே அரசு வேலை, தினம் 2,000 ரூபாய்' என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. அதில் அசோகச் சின்னம்கூடப் போட்டிருக்கும். முன்பணம் கட்டு என்றாலே அது ஏமாற்று. அரசாங்கம் வேலை கொடுக்க ஜி-பேயில் பணம் கேட்காது. நம்ம பகுதியில் ஒரு பிள்ளை குழுக்கடன் வாங்கி 8,500 ரூபாய் கட்டி ஏமாந்தது. தவணையை அவள் அம்மா இப்போது கூலி வேலை பார்த்துக் கட்டுகிறார்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் கேட்பதற்கு மூன்று விஷயம் எழுதி வைத்திருக்கிறேன். நம்ம ஊராட்சி சேவை மையம் எந்தெந்த நாள் திறந்திருக்கும்? கேபிள் வந்துவிட்டதா, வந்தால் வேலை செய்கிறதா? முறை வைத்து வேலை பார்க்கும் காலம் மறுபடி வந்தால் மனு வாங்க தினமும் ஒரு ஆள் இருப்பாரா, அவர் பெயரும் போன் நம்பரும் பலகையில் எழுதப்படுமா? எந்தக் குழுவில் இருந்து யார் கேட்பது என்று நீங்களே தீர்மானம் போட்டுக்கொண்டு வாருங்கள்.

வருகிற மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் வீட்டில் இருக்கும் இ-சேவை ரசீதுகளை எடுத்து வாருங்கள், பழசானாலும் பரவாயில்லை. கூட்டமைப்பு ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் போட்டு, எந்த மனு யாரிடம் எத்தனை நாளாக நிற்கிறது என்று பார்த்து எழுதிக்கொள்ளலாம். பத்து மணிக்கு ஆரம்பிக்கிறோம். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடியையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.